ஒன்று, இரண்டு, இழு

“இன்னைக்காவது உண்மையைச் சொல்லிடு, தம்பி. நான் கண்ணை மூடறதுக்குள்ள உன் வாயால ஒரு தடவை கேக்கணும்.”

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அக்கா சொன்னாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. தப்பித்தோம் என்று தம்பி எழுந்து போனார். தம்பி என்றால் சின்னப் பையனில்லை. அறுபதை நெருங்குகிறார். தத்தக்கா என்கிற கார்ட்டூன் வாத்துக்கு நடை கொடுத்த, நாடறிந்த ஓவியர்.

வந்தவள் ஒரு பத்திரிகை நிருபர். அந்தக் கார்ட்டூன் படம் வந்து இருபத்தைந்து வருடம் ஆனதற்காகச் சிறப்பிதழ் போடுகிறார்களாம். உள்ளே வந்ததும் அக்காவுக்கு வணக்கம் சொன்னாள். அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். தம்பி பேரெடுத்தால் அக்காவுக்கு இத்தனை மிடுக்கா என்று அவள் நினைத்திருக்க வேண்டும். காப்பியைக்கூட ஓவியரேதான் கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் படம் கதையில் பிறந்ததல்ல, மெட்டில் பிறந்தது. இசையமைப்பாளர் முதலிலேயே ஓர் அணிவகுப்பு மெட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு தட்டு கம்பீரமாகப் போய், மூன்றாவதில் இழுத்துக்கொள்ளும் மெட்டு. அதற்குப் பொருந்துகிற நடையை வரைவது இவர் வேலை. மூன்று மாதம் யானை, கரடி, குடிகாரன் என்று வரைந்து தள்ளியதில் குப்பைக்கூடை நிறைந்ததே தவிர, எதுவும் தாளத்தில் உட்காரவில்லை. படக் கம்பெனி முதலாளி வேறு ஆளைப் பார்க்கப்போவதாகவே சொல்லிவிட்டார். நான்காம் மாதம் வாத்து பிறந்தது. ஒன்று, இரண்டு, இழு.

அன்று தொடங்கி ஊரே அந்த நடையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. பள்ளி ஆண்டு விழாவில் நடக்கிறார்கள், கல்யாண மேடையில் மாப்பிள்ளை நடக்கிறார். தன் பள்ளியில் அப்படி நடக்காத பிள்ளையே இல்லை என்று சொல்லி, நிருபரும் கூடத்தின் நடுவில் நடந்து காட்டினாள். ஓவியர் சிரித்தார். அக்காவின் ஊசி நின்றது.

“இந்த நடை எங்கேருந்து சார் வந்துச்சு? யாரையோ பார்த்து எடுத்ததுன்னு ஒரு பேச்சு இருக்கே?”

ஓவியர் அக்கா பக்கம் திரும்பாமல் குளத்துக் கதையை ஆரம்பித்தார். விடியற்காலை, குளக்கரை, கூட்டத்தை விட்டுப் பின்தங்கி வந்த ஒரு கிழ வாத்து. எல்லாப் பேட்டியிலும் சொன்னதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்குக் கைவந்த கலை.

“அந்தக் குளம் எங்கடா இருக்கு?” என்றாள் அக்கா.

“தூர்ந்து போச்சுக்கா.”

நிருபர் அதையும் குறித்துக்கொண்டாள். பிறகு அக்காவிடம், படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“ஒரு தடவை. அதுவும் பாதியில வந்துட்டேன்.”

“ஏம்மா?”

“எல்லாரும் சிரிச்சாங்க.”

அக்காவுக்குக் கூச்சலே ஆகாது என்று ஓவியர் குறுக்கிட்டார். தெருப் பிள்ளைகளைக் கண்டாலே பிடிக்காது. கடைக்குப் போவதென்றாலும் பள்ளிக்கூட மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே போன பிறகுதான் கிளம்புவாள் என்று வேடிக்கையாகச் சொன்னார்.

பேட்டி முடிந்தது. நிருபர் பையை எடுத்துக்கொண்டதும் அக்கா சட்டையை மடித்து வைத்தாள்.

“இரும்மா. வாசல் வரைக்கும் நானே வர்றேன்.”

“வேண்டாம்க்கா, நீ உட்காரு” என்று ஓவியர் பதறினார்.

அவள் கேட்கவில்லை. எழுந்தாள். கூடத்தின் குறுக்கே, நிருபரின் கண்ணுக்கு நேராக, அவசரப்படாமல் நடந்தாள். ஒன்று, இரண்டு, இழு. ஒன்று, இரண்டு, இழு.

நிருபர் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டினாள்.

“அம்மா, அச்சு அசலா அந்த வாத்தேதான். இன்னொரு தடவை நடங்கம்மா, வீடியோ எடுத்துக்கறேன்.”

நாலு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்கு அதைத் தவிர வேறு நடை கிடையாது என்று அப்போதாவது அவர் சொல்லியிருக்கலாம். ஓவியரும் சேர்ந்து கைதட்டினார்.