சத்தம் நின்ற பிறகு

காலையிலிருந்து காதுப் பரிசோதனை செய்து செய்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கடைசியாக வந்தவர் கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டால் அவர் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே அவள் மேஜையில் விளக்கு எரியும். அவள் சத்தத்தை நிறுத்திவிட்டாள். விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டேயிருந்தது.

"நான் கூப்பிட்டா மட்டும் காதுல விழாது," என்றாள் மேஜையருகே நின்ற அவர் மனைவி.

பரிசோதிப்பவள் அறைக்கதவைத் திறந்தாள். "முடிஞ்சுது, வாங்க சார்."

"இன்னும் கேக்குதேம்மா."

மெஷின் கோளாறாக இருக்கும். அவரை வெளியே அனுப்பிவிட்டு, தானே ஹெட்போனை மாட்டி, பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது, கண்ணாடிக்கு வெளியே இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது விட்டு விட்டு எரிந்தது.

குனிந்து பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் தன்பாட்டுக்குப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.