மூன்றாவது டிஸ்க்

"அந்தக் குழந்தையோட முதல் ஸ்கேன் நாளைக்குக் காலைல என் கையில இருக்கணும். அதைப் பாக்காம நான் கத்தியைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இதய டாக்டர் ஃபோனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்த சர்வர்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. குழந்தைக்கு இப்போது ஏழு வயது. டாக்டர் கேட்டது, அது பிறந்த மூன்றாம் நாள் எடுத்த படம். முதல் ஆபரேஷனுக்கு முன் இதயம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இரண்டாவதைச் செய்ய முடியும்.

ஸ்கேன் படங்கள் அத்தனையும் எதிரே இரைந்துகொண்டிருந்த ஆறு டிஸ்க்குகளில் இருந்தன. திங்கட்கிழமை அவற்றில் இரண்டு மண்டையைப் போட்டுவிட்டன. ஒரே பெட்டியில் வாங்கி வந்தவை, சேர்ந்தே போய்ச் சேர்ந்தன.

இரண்டு போனால் பாதகமில்லை. மிச்சமுள்ள நான்கும் கூடிக் கணக்குப் போட்டு, தொலைந்ததைப் புது டிஸ்க்குகளில் திரும்ப எழுதிவிடும். மூன்றாவது ஒன்று போனால் மொத்தமும் அம்பேல். அந்த மூன்றாவதோ நேற்றிலிருந்து கிழவன் மாதிரி இருமிக்கொண்டிருந்தது. புது டிஸ்க்குகளில் எழுதி முடியும்வரை ஒரு படத்தைக்கூடத் திறந்து அதற்குச் சுமை ஏற்ற அவர் துணியவில்லை. தனியாக ஒரு நகல் வைப்போம் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டபோது, ஆறு டிஸ்க் இருக்கையில் நகல் எதற்கு என்று கேட்ட நிர்வாகம் இப்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று நாளாக அவர் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியிலேயே தூக்கம். அந்த மெஷினையே கட்டிக்கொண்டு அழச் சொல்லிவிட்டாள் மனைவி.

ரெக்கார்டு அறை அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். நோயாளிகளின் பதிவுகளை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்பவர். யார் கஷ்டப்பட்டாலும் தாங்காத மனசு. இன்னுமா முடியவில்லை என்று கேட்டார்.

"எப்படிக்கா முடியும்? பன்னெண்டு வருஷத்துக் குப்பை. கழுத்து வரைக்கும் அடைச்சு வெச்சிருக்கு."

அதற்கு மேல் விளக்கிச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. அக்கா உச்சுக்கொட்டிக்கொண்டே தன் அறைக்குப் போனார்.

பதினொரு மணிக்கு எழுபது சதவீதம் எழுதியாகியிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டித் தொண்ணூறு. மூன்றாவது டிஸ்க் ஒரு தடவை கரகரவென்று இழுத்தபோது அவர் உயிரும் ஒரு தடவை போய்விட்டு வந்தது.

நாலு மணிக்கு நூறு. ஆறு விளக்கும் பச்சை. டாக்டரைக் கூப்பிட்டு, பத்து நிமிஷத்தில் ஸ்கேன் வந்துவிடும் என்றார். பிறகு மேஜையில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் அழுதார். வெட்கப்படக்கூட மிச்சம் தெம்பில்லை.

கதவருகே அக்கா நின்றிருந்தார். அவர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம்.

"முடிஞ்சிருச்சா தம்பி? நீங்க படற பாட்டைப் பாக்க எனக்குச் சகிக்கல. அஞ்சு வருஷத்துக்கு மேல எதையும் வெச்சிருக்க வேணாம்னு விதியே இருக்கு. அதான் காபி குடுத்துட்டுப் போனதும், பழைய ஸ்கேன் மொத்தத்தையும் அழிச்சுப் பாரத்தைக் குறைச்சு விட்டேன். கம்ப்யூட்டர்ல இருக்கிற குப்பைத்தொட்டியைக்கூடக் காலி பண்ணிட்டேன்."

ஆறு டிஸ்க்குகளும், ஒரு பிசகும் இல்லாமல், அந்த அழிப்பையும் எழுதி முடித்திருந்தன.