புதுசு வாங்காத டாக்டர்

"என்னக்கா அது கையில? புது ஷூ டப்பாவா?"

பல் டாக்டர் போட்ட சத்தத்தில், நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த ஃபிரிட்ஜ் கடைக்காரரே திடுக்கிட்டுப் போனார்.

கிளினிக்கைப் பெருக்கித் துடைத்து, கருவிகளைக் கழுவி வைக்கும் அக்கா அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். டப்பாவைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆமாங்க டாக்டரம்மா. பொண்ணுக்கு. திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது."

"அடக் கடவுளே! முன்னால தொங்குற போர்டைத் தினமும் துடைக்கிறீங்களே, ஒருநாளாவது படிச்சுப் பார்த்தீங்களா?"

'புதிதாக எதுவும் வாங்காமல் 243 நாட்கள்' என்று சொல்லும் போர்டு அது. எண்ணைக் காலையில் வந்ததும் டாக்டரே தன் கையால் மாற்றி எழுதுவார். அதைப் படித்து அசந்துபோய்ப் பல்வலியை மறந்தவர்கள்கூட உண்டு.

டாக்டர் சொத்தைப் பல்லைக் குடைந்துகொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"வளர்ற பிள்ளையோட கால். ஆறே மாசம், அப்புறம் அது குப்பைக்குத்தான். ஆளாளுக்கு இப்படி வாங்கிக் குவிச்சா உலகம் தாங்குமா? நீங்களே சொல்லுங்க சார்!"

"ஆ..." என்றார் ஃபிரிட்ஜ் கடைக்காரர். ஊர் ஜனங்கள் புதுசு புதுசாக வாங்குவதில்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது. ஆனால் வாய்க்குள் மிஷின் சுற்றும்போது யார் வாதாடுவார்?

"என் பொண்ணுக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா சார்? லைப்ரரிக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு. பிள்ளைங்களுக்குச் சின்னதாப் போன ஷூ, பை எல்லாம் கொண்டுவந்து வைக்கிறாங்க. யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கலாம். லீவு விட்ட அன்னைக்கே போய் எடுத்துட்டு வந்துட்டேன். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. உங்களுக்கு மட்டும் என்னக்கா கூச்சம்?"

அக்கா கருவித் தட்டைக் கையில் எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"கூச்சமெல்லாம் இல்லீங்க. ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து என் பொண்ணு போட்டதெல்லாம் அங்க எடுத்ததுதான். புது ஷூங்கிறது அவளுக்கு இதுதான் முதல் தடவை."

"அப்புறம் இந்த வருஷம் மட்டும் என்ன வந்துது?"

"போனேன் டாக்டரம்மா. அலமாரி காலியா இருந்துச்சு. கறுப்பு ஷூ மூணு ஜோடி வந்துச்சாம். முதல் ஆளா வந்த ஒரு அம்மா மூணையும் எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். ஒண்ணு இந்த வருஷத்துக்கு. மத்த ரெண்டும், பிள்ளைக்குக் கால் வளர வளரப் போட்டுக்கலாமேன்னு."

டாக்டரின் கை நின்றுவிட்டது. மிஷின் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"ஷூ இல்லாம ஸ்கூல்ல உள்ள விடமாட்டாங்க. அதான், ரெண்டு வாரமா மேல்மாடி ஆபீஸையும் சேர்த்துப் பெருக்கி இதை வாங்கினேன்."

ஃபிரிட்ஜ் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. டாக்டரின் கையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். வாயிலிருந்த பஞ்சைத் தொட்டியில் துப்பினார்.

"மூணையுமா? அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தா? இனாம்னா இப்படியா அள்ளுவாங்க? என் கடைக்கு வர்றவங்ககூட ஒரு ஃபிரிட்ஜ்தாம்மா வாங்குறாங்க! யாரு அந்தப் புண்ணியவதி? கேட்டுட்டு வரவேண்டியதுதானே!"

டாக்டரின் முகம் வெளுத்துப் போயிற்று. முகமூடி போட்டிருந்ததால் பிழைத்தார். தன் பெண்ணின் அலமாரி அடித்தட்டில், அடுத்த வருஷத்துக்கென்று தாள் சுற்றி வைத்த ஷூக்கள் அவர் நினைவுக்கு வந்தன. தப்பித்தவறி அக்காவுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிய வழியில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"யாரோ என்னமோ சார், நான் கேட்டுக்கலை" என்றார் அக்கா, டாக்டர் பக்கமே திரும்பாமல். "நீங்க வாயைத் திறங்க. டாக்டரம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

எட்டு மாதத்துக்கு முன்னால், இனிமேல் புதுசே வாங்குவதில்லை என்று டாக்டர் முடிவெடுத்த அன்று, லைப்ரரிக்குப் பின்னால் அப்படி ஒரு ரூம் இருப்பதையே அவருக்குச் சொன்னது அந்த அக்காதான்.