முதலிடம் பிடித்த தூள்

“லட்டு எடுங்க, எடுங்க! கெம்பஸ் ஆராய்ச்சில நம்ம பவுடர்தான் மொத இடம்!”

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து கம்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கிய துஷானிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைவாசலில் அவள் அப்பா சேதுராமன் தட்டும் கையுமாக நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவள்தான் போன் செய்திருந்தாள். “அப்பா, நம்ம சவர்க்காரப் பவுடர்ல அழுக்கெடுக்கப் போடுற நோனைல் கெமிக்கல்தான் எங்க ஆராய்ச்சில மொதலாவது” என்றதுமே மனுஷன் மிச்சத்தைக் கேட்காமல் மிட்டாய்க் கடைக்கு ஓடியிருக்கிறார்.

வாடிக்கைக்காரி பாலம்மா லட்டை மென்றுகொண்டே இழுத்தாள். “லட்டு நல்லாத்தான் இருக்கு மொதலாளி. ஆனா ஒங்க பவுடர்ல எவ்வளவு ஊற வச்சாலும் காலர் அழுக்கு போக மாட்டேங்குதே?”

“கையால கசக்கணும் பாலம்மா! பவுடர் ஒரு தொணைக்குத்தான்.”

துஷானி அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். கடைக்குப் பின்னால் அவரே கலந்து விற்கும் அந்தத் தூள்தான் அவளைப் படிக்கவைத்தது. எப்படிச் சொல்வது?

“அப்பா, இது பரிசு இல்ல. மகாவலி ஆத்துல கலக்குற கெமிக்கலையெல்லாம் வரிசைப்படுத்துறோம். எது ரொம்பச் சேருது, எது அழியாம கெடக்குது, எது மீனுக்கு ஆகாதுன்னு பார்த்து.”

“சரி?”

“அதுல ஆக மோசமானதுதான் மொதலாவது.”

அவர் தட்டைக் கீழே வைத்தார். அலுமாரியில் அடுக்கியிருந்த பாக்கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ‘நோனைல் கலந்தது’ என்றிருந்தது.

“மீன் சாவுதா?”

“குஞ்சு பொரிக்கிறதே கொறைஞ்சுபோவுது. அறிக்கையில என் பேரும் வருதுப்பா, என்னால மறைக்க முடியாது. இனிமே அதைப் போடாதீங்க.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சேதுராமனின் முகம் மெல்ல மலர்ந்தது. வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார், பாலம்மா போய்விட்டிருந்தாள். ஒரு லட்டைப் பிட்டு மகளின் வாயில் வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

“அழாத புள்ள. பாக்கட்ல பேரு மட்டுந்தான் போட்டேன். உள்ள எங்க போட்டேன்?”