முசுறுகள் கொண்டுவந்த நூல்

மாமரப் பொந்தில் ஓர் அணில் மூன்று குட்டிகளோடு இருந்தது. பொந்தில் விழுந்த வெடிப்பு வழியாக வாடைக்காற்று உள்ளே புகுந்தது. எவ்வளவு பஞ்சை அடைத்தாலும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. குட்டிகள் விறைக்கத் தொடங்கின.

பக்கத்துக் கிளையில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. கடிக்குப் பயந்து அணில் அந்தப் பக்கமே போனதில்லை. அன்று காலை அவை சாரிசாரியாக வெடிப்பை நோக்கி வந்தபோது, அணில் குட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றது.

"பயப்படாதீங்க அக்கா. குட்டிங்க முனகுறது எங்க வீடு வரைக்கும் கேக்குது," என்றது முன்னால் வந்த எறும்பு.

ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, அவை பெரிய இலைகளை இழுத்து வெடிப்பின்மேல் சேர்த்துப் பிடித்தன. பின்னால் வந்த எறும்புகளின் வாயில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

"அது என்ன?" என்று கேட்டது அணில்.

"எங்க பிள்ளைங்க. தைக்கிற நூல் அதுங்க வாயிலதான் வருது."

"இந்தக் குளிர்லயா தூக்கிட்டு வந்தீங்க?"

"உங்க பிள்ளைங்களும் இந்தக் குளிர்லதானே கிடக்குது."

வெள்ளை நூல் இலைக்கு இலை ஓட ஓட, உள்ளே காற்று அடங்கியது. குட்டிகள் ஒன்றோடொன்று சுருண்டு தூங்கின.

அணில் மெதுவாக வெளியே வந்தது. மிச்சத்தையும் தைத்து முடிக்கும்வரை, அந்த எறும்புப் பிள்ளைகள் மேல் காற்றுப் படாமல் தன் வாலை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது.