ஆறாவது கரு

உலகத்தில் உணர்ச்சிவசப்படாத ஒரே மனிதர் தாம்தான் என்று கருவியல் நிபுணர் அன்று காலையும் அறிவித்தார். கேட்பதற்கு ஆய்வகத்தில் உதவியாளர் மட்டுமே இருந்தாள். அவளோ கருக்கள் இருந்த பெட்டியின் முன் குனிந்து, "நல்லா இருங்கடா செல்லங்களா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஏழு நாள் கருவுக்குக் காது எங்க இருக்கு?"

"சொன்னா என்ன சார் குறைஞ்சா போயிடும்?"

வெளியே காத்திருந்தவர் பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்தார். "டாக்டர், ரெண்டு தடவை தங்கலை. அவளுக்கும் வயசாகுது. இதுதான் கடைசி வாய்ப்பு."

"மொத்தம் ஆறு கரு. அஞ்சுல குரோமோசோம் கணக்கு இடிக்குது. ஒண்ணுல கூட, ஒண்ணுல குறைச்சல். வச்சாலும் தங்காது."

"ஆறாவது?"

"சுத்தமா இருக்கு. பொண்ணு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுக்குத்தான் குடும்பமே தவம் கிடந்தோம், டாக்டர்! இன்னைக்கே வச்சிடலாமா?"

"தாராளமா. அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"வாசல்லதான் நிக்கிறா. லாரியை விட்டு இறக்க ஒரு கை வேணும்."

உதவியாளர் ஓடினாள். இருவரும் சேர்ந்து பலகை போட்டு, நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள கிழட்டுப் பசுவைப் பதமாக இறக்கினார்கள். அது ஆய்வகமே அதிரும்படி ஒருமுறை கத்தியது.

உள்ளே நிபுணர் கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். பிறகு பெட்டியின் முன் மெல்லக் குனிந்தார்.

"உங்கம்மா வந்துட்டாடா கண்ணு. உள்ள போனதும் கெட்டியாப் பிடிச்சுக்க."