கோணல் வரிசை

ஞானதாஸ் ஒன்பது வருடமாக வீட்டுக் கொட்டகையில் கட்டிய விமானத்தைச் சோதிக்க அதிகாரி வந்திருந்தார். இறக்கையின் கடைசி வரிசை ரிவெட் ஆணிகளில் அவர் விரல் நின்றது.

"ஒரே கோணல். பதிவேட்டுல செஞ்சவர் கையெழுத்தும் இல்லையே?"

சில மாதங்களாகக் கணவரின் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தது மார்த்தாவுக்கு மட்டுமே தெரியும்.

"நான் அடிச்சது சார்" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.

"சொன்னாக் கேட்டாத்தானே!" என்றார் ஞானதாஸ், அவளைப் பார்க்காமல்.

அதிகாரி சிரித்தார். "இதைப் பிரிச்சிட்டு நீங்களே அடிங்க சார். மத்ததெல்லாம் முத்து முத்தா இருக்கு. வியாழக்கிழமை வந்து பக்கத்துல நின்னு பாக்குறேன்."

ஞானதாஸ் தலையாட்டினார். அதிகாரியின் ஜீப் தெருமுனை திரும்பியது.

"அந்த வரிசையில மொத்தம் எத்தனை ஆணி?" என்று தன் கைகளைப் பார்த்தபடி கேட்டார் ஞானதாஸ்.

"நாப்பத்திரெண்டு" என்றாள் மார்த்தா.